அம்மாவின் அளவு

திருத்தங்கல்,
17.1.2006

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் விலாசத்தை உன் கூட்டாளி சங்கிலிமுத்துவிடம் கேட்டு வாங்கினேன். முதலில் தரமாட்டேன் என்றுதான் சொன்னார். "உங்கண்ணன் என்னைய உரிச்சிருவான் தாயி" என்றார். மூன்று நாள் காலையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். மூன்றாம் நாள் அவர் மனைவியே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆகையால் அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

இங்கே பொங்கல் கழிந்தது. உன் பங்குப் பனங்கிழங்கை அம்மா தனியாக எடுத்து வைத்திருந்தாள். நேற்று அப்பா, "வாராதவனுக்கு எதுக்கு வச்சிருக்கே?" என்று கேட்டுவிட்டு, தான் ஒன்றும் தின்னாமல் எழுந்து லோடு ஏற்றப் போய்விட்டார். காலண்டர் சீசன் முடிந்ததால் எனக்குப் பிரஸ்ஸில் வேலை குறைவு. கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா பட்டாசுக் கம்பெனிக்குப் போய்வருகிறாள். இப்போது குழாய் சுருட்டும் வேலைதான், வெடிமருந்துப் பக்கம் போவதில்லை. ஐப்பசியில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் அவளுக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். இதை உனக்குச் சொல்லக் கூடாது என்று உத்தரவு.

நான் எழுத வந்தது வேறு. எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். அண்ணனுக்கு எழுதக்கூடிய விஷயம் இல்லை இது. ஆனாலும் உன்னை விட்டால் ஆள் இல்லை.

போன வருஷம் தைப்பூசத்துக்கு அம்மா திருச்செந்தூருக்கு நடந்து போனதும், இரண்டாம் நாளே எட்டயபுரத்திலிருந்து பஸ் ஏறித் திரும்பியதும் உனக்குத் தெரியும். நீ தீ விபத்தில் கையும் கழுத்தும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உனக்காக நேர்ந்துகொண்ட நடை அது. அவள் வந்து உட்கார்ந்ததும் பெரியம்மா ஊருக்கே கேட்கிற மாதிரி, "பெத்தவளே பாதியில திரும்பிட்டா, பிள்ளைக்கு எங்கன விடியப் போவுது" என்றாள். நீ சுவரைப் பார்த்தபடி, "எனக்காக நாலு நாளு நடக்க முடியலையாம்மா?" என்று ஒன்றே ஒன்று கேட்டாய். அம்மா, "மூட்டு வலிலே" என்றாள். அடுத்த வாரம் நீ திருப்பூருக்குப் போய்விட்டாய்.

அது மூட்டு வலி இல்லை அண்ணே.

அன்று சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு அம்மா என்னைத்தான் கூப்பிட்டாள். இரண்டு தொடைகளின் உட்பக்கமும் தோல் உரிந்து, உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணாக இருந்தது. உள்பாவாடை ரத்தத்தோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. வெந்நீர் விட்டு நனைத்துத்தான் பிரித்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கத்தாமல் இருந்தாள், அடுத்த அறையில் நீ இருந்தாய் என்பதற்காக. ஒல்லியானவர்களுக்கு இது விளங்காது. நடக்க நடக்கத் தொடையும் தொடையும் உரசும். வியர்வை இறங்க இறங்க உப்புத்தாள் மாதிரி அறுக்கும். எனக்கும் அம்மா உடம்புதான், எனக்குத் தெரியும். கல்லூரிக்குப் போன மூன்று வருஷமும் விருதுநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும்போது நான் ஏன் எல்லோருக்கும் பின்னால் வந்தேன் என்று யாரும் கேட்டதில்லை.

தப்பு எங்கே நடந்தது என்று பிறகு யோசித்தேன். அம்மா இருபது வருஷமாகக் கம்பெனிக்குப் பருத்திச் சேலைதான் கட்டிப் போகிறாள். நைலான் கட்டி வந்தால் தீப்பொறி பயத்தில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழசாகி, துவைத்துத் துவைத்துப் பூவாகிப் போன துணி அவள் உடம்புக்குப் பழக்கம். சாமி காரியம் என்பதால் எல்லாம் கோடியாக இருக்க வேண்டும் என்று, ஒரு தண்ணீர்கூடக் காட்டாத புதுப் பாவாடையைக் கஞ்சி மொடமொடப்போடு கட்டிக்கொண்டாள். அதற்கு மேலே நடைக் குழுவில் எல்லோருக்கும் ஒன்றுபோல எடுத்த பச்சைப் பாலியெஸ்டர் சேலை. பக்தியாகச் செய்ததுதான் அவளை அறுத்தது.

அந்தப் புண்ணைப் பற்றி உன்னிடம் சொல்லக் கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். "வயசுப் பயகிட்டப் போயி இதைச் சொல்லுவியாடி?" என்றாள். நானும் வெட்கப்பட்டுக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. நீ பையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போதுகூட நான் அடுப்படியில்தான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ போயிருக்கமாட்டாய். ஒரு வருஷமாக இதுதான் என்னை அரிக்கிறது.

இப்போது அம்மா மறுபடியும் மாலை போட்டுவிட்டாள். பிப்ரவரி ஏழாம் தேதி காலை குழு கிளம்புகிறது. போன வருஷப் புண் ஆறவே இரண்டு மாதம் ஆயிற்று. இப்போது சர்க்கரை வேறு. டாக்டரம்மா, "கால்ல, தொடையில புண்ணு வராமப் பாத்துக்கோங்க, வந்தா லேசுல ஆறாது" என்று சொல்லியிருக்கிறார்கள். நானும் அப்பாவும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். "இந்தத் தடவை ரத்தமே ஓடுனாலும் திரும்ப மாட்டேன்" என்கிறாள். அவள் சொன்னால் செய்வாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகையால் அவள் உள்ளே போட்டுக்கொள்ள ஒரு உடுப்பு தேடினேன். முட்டிவரை வருகிற, சுருளாத, இறுக்காத ஒரு கால்சட்டை, அவ்வளவுதான். சிவகாசியில் ஆறு கடை ஏறினேன். பெண்களுக்கான பிரிவில் அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. ஒரு கடையில் பெரியது எதுவென்று கேட்டதற்கு, விற்கிற பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெருசுக்கு மேல பெருசுன்னா பந்தல்காரங்ககிட்டத்தான்க்கா கேக்கணும்" என்றாள். பக்கத்தில் நின்றவளும் சிரித்தாள். நான் வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்த கடைக்குப் போனேன்.

கடைசியில் ஆம்பளைகள் போடும் கட்டம் போட்ட அண்டர்வேர், இருப்பதிலேயே பெரிய அளவில் ஒன்று வாங்கி, அதை முதலில் நான் போட்டுக்கொண்டு சிவகாசிவரை நடந்து திரும்பினேன். போகும்போதே மேலே சுருண்டு கயிறாகிவிட்டது. உள்தொடையில் வருகிற தையல் அறுத்தது. பிறகு தையல்காரர் ஜெய்லானி பாயிடம் போனேன். விஷயத்தைப் பாதி சொல்வதற்குள் அவர் எழுந்து உள்ளே போய், மனைவி சம்சாத் அக்காவை அனுப்பிவிட்டார். அந்த அக்கா சிரிக்கவில்லை. "எனக்கும் இருக்கும்மா இந்தச் சங்கடம், யாருகிட்டச் சொல்ல?" என்றார்கள். அப்பாவின் பழைய வேட்டியில் ஒன்று தைத்துத் தந்தார்கள். அம்மா அதைப் போட்டுக்கொண்டு வெம்பக்கோட்டை ரோட்டில் என்னோடு நடந்தாள். போன தூரத்துக்குப் பரவாயில்லை. திரும்பி வரும்போது வியர்வையில் நனைந்து ஒட்டி, பழையபடி சிவந்துவிட்டது. சம்சாத் அக்கா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "நெய்த துணி இதுக்குத் தோதுப்படாது. பனியன் துணி வேணும், நல்ல கனத்துல, கொஞ்சம் இழுபடுற மாதிரி. அது திருப்பூர்லதான். உங்கண்ணன் அங்கனதான இருக்கான்?"

ஆமாம் என்றேன். அதற்கப்புறம்தான் சங்கிலிமுத்து வீட்டு வாசலில் போய் நின்றேன்.

உன் பனியன் கம்பெனியில் மிஞ்சிய துணியில் தைத்தாலும் போதும். நிறம் எதுவானாலும் சரி. அளவுகளை சம்சாத் அக்காவே அம்மாவை நிற்கவைத்தும் உட்காரவைத்தும் எடுத்தார்கள். இடுப்பு ஐம்பது அங்குலம். தொடை நிற்கும்போது முப்பது, உட்காரும்போது முப்பத்திரண்டு. முட்டி இருபது. இடுப்பிலிருந்து முட்டிவரை இருபத்தாறு. உள்தொடையில் தையலே வரக் கூடாது. அந்த இடத்தில் தனியாக ஒரு துண்டு வைத்துத் தையலை முன்னும் பின்னும் தள்ளிவிடும்படி கட்டிங் மாஸ்டரிடம் சொல். தையல் தட்டையாக இருக்க வேண்டும். எலாஸ்டிக் இரண்டு விரல் அகலம். மாற்றிக்கொள்ளக் குறைந்தது மூன்று வேண்டும். இங்கே இரண்டு மூன்று முறை துவைத்து, வெம்பக்கோட்டைவரை நடந்து பார்த்துவிட்டுத்தான் அவளைக் கிளம்பவிடுவேன். சேலைக்கும் பேசிவிட்டேன். குழுத் தலைவர் பெத்தணன் மாமாவிடம் நானே போய்ப் பருத்தி கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "பச்சையா இருந்தாச் சரிதாம்மா, நூலைத் தடவிப் பாக்கவா முருகன் இருக்காரு" என்றுவிட்டார்.

நான் உனக்கு எழுதுகிறேன் என்பது நேற்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அடிப்பாள் என்று நினைத்தேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். பிறகு, "அவனுக்கு அந்தக் கையி வெயில் பட்டா இன்னும் எரியுதான்னு மட்டும் கேளு" என்றாள். கேட்டுவிட்டேன்.

தைத்ததை லாரி செட்டில் பார்சலாகப் போட்டால் மூன்று நாளில் சேரும் என்று சங்கிலிமுத்து சொன்னார். அப்படியே போடு, அதிலும் குறை இல்லை. ஆனால் அளவு எங்காவது பிடித்தால் உன்னைப்போல் பிரித்துத் தைக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் நல்லது. நடைக் குழுவில் இன்னும் இரண்டு ஆளுக்கு இடம் இருக்கிறது. ஆறாம் தேதிவரை பேர் கொடுக்கலாமாம். ஒன்றுக்கு நான் என் பேரைக் கொடுத்துவிட்டேன்.

இவ்வளவு பெரிய அளவு யாருக்கு என்று உன் கட்டிங் மாஸ்டர் கேட்பார், பக்கத்தில் நாலு பேர் சிரிக்கவும் செய்யலாம். குனிந்துகொள்ளாதே அண்ணே. "எங்கம்மாவுக்கு, அவள் எனக்காக நடக்கிறாள்" என்று சொல்லு.

முருகன் உன்னையும் உன் கையையும் காக்கட்டும்.

உன் பதிலை எதிர்பார்க்கும் தங்கை,
மு. முத்துமாரி