ஆபீசரின் காது

கள்ளிக்குப்பம்
5-11-2024

வனஜா அம்மாவுக்கு,

வணக்கம். மூன்றாவது மாடிக்காரர்கள் காலி செய்தபோது விட்டுப்போன நாய், மாவு விற்க வரும் உங்கள் பின்னாலேயே சுற்றுகிறது. தலையை உதறுகிறது, காதைச் சுவரில் தேய்த்துக் கத்துகிறது. வெறி பிடித்துவிட்டதாகக் குடியிருப்பில் பயப்படுகிறார்கள். ஞாயிறன்று நாய் பிடிக்கும் வண்டி வந்து பிடித்துப்போகும். ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் தரவும்.

பிரசன்னா
செயலாளர், குடியிருப்போர் சங்கம்


7-11-2024

செயலாளர் தம்பிக்கு,

நான் நலம், மாவும் நலம். கேட்டில் உட்கார்ந்து எல்லாரையும் முறைப்பதால் அவனுக்கு ஆபீசர் என்று பேர் வைத்திருக்கிறேன். அவனுக்கு வெறியும் இல்லை, ஒண்ணும் இல்லை. காதை மோந்து பார்த்தேன். மூணு நாள் வெளியே மறந்த இட்லி மாவு வாசனை. பதினெட்டு வருஷமாகப் புளிப்போடு குடும்பம் நடத்துகிறவள், எனக்குத் தெரியாதா?

நேற்று அவனை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஆவடிக்குப் போனேன். நாய் டாக்டர் சபீனாம்மா, மோந்து பார்த்து மட்டும் முடிவு சொல்லக் கூடாது என்றார். பஞ்சுக் குச்சியில் காப்பித்தூள் நிறப் பிசுக்கை எடுத்து, கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். எனக்கும் காட்டினார். குட்டிக் குட்டி வேர்க்கடலை மாதிரி தெரிந்தது. ஈஸ்ட்டாம், மாவைப் பொங்க வைக்கிற பூஞ்சை ஜாதி. தொங்கு காதில் ஈரம் தங்கினால் பெருகுமாம்.

"இன்னா டாக்டர், காதுலயே மாவு பொங்குதா?" என்றேன். சிரித்துவிட்டார்.

இரண்டு வாரம் சொட்டு மருந்து. டாக்டர் சீட்டை இணைத்திருக்கிறேன். அப்புறமும் வண்டி வந்தால் முன்சீட்டில் நான்தான்.

மாவுக்கார வனஜா


8-11-2024

வனஜா அம்மாவுக்கு,

சீட்டைப் பார்த்தேன். ஆனால் கார் கழுவும் குழாயில் நீங்கள் அந்த நாயைக் குளிப்பாட்டுவதாகப் புகார் வந்திருக்கிறது. அதற்கு மன்னிப்புக் கடிதம் தந்தால் வண்டியை நிறுத்துகிறேன். இல்லையென்றால் நாய் போகும், உங்கள் மாவுக்கும் கேட் மூடப்படும்.

பிரசன்னா


9-11-2024

தம்பிக்கு,

குளிப்பாட்டியது நான் இல்லை. அவன் முதுகையும் மோந்து பார்த்தேன். ஸ்ட்ராபெரி ஷாம்பூ. என்னிடம் மாவு வாங்க வரும் உங்கள் மகள் பவ்யா தலையில் இருக்கும் அதே வாசனை.

பாப்பாவைக் கேட்டேன். "ஆபீசர் நாறுதுன்னு எல்லாரும் துரத்துறாங்க ஆன்ட்டி, அதான்" என்றாள். நாற்றம் போகக் குளிப்பாட்டியிருக்கிறாள், காதில் தங்கிய அந்த ஈரத்திலேயே நாற்றம் கூடியிருக்கிறது. அவளைத் திட்டினால் உங்களுக்கு இனி மாவு கிடையாது.

இப்போது அவள் காதைப் பிடிக்கிறாள், நான் மருந்து விடுகிறேன். நாளைக் காலையும் அதே கேட்டில்தான். வண்டி வந்தால் மூணு பேரையும் சேர்த்து ஏற்றச் சொல்லுங்கள்.

மன்னிப்புக் கடிதம் கேட்டீர்கள். நான் அஞ்சாவதோடு நின்றவள், தம்பி. அந்தப் பாடம் வருவதற்குள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன்.

மாவுக்கார வனஜா