திருத்தாத மூணாவது அத்தியாயம்

8.9.1996, ஞாயிறு

என் பிஎச்.டி. கைடு மேடம் மூணாவது அத்தியாயத்தை நாலு தடவை திருப்பிக் கொடுத்துப்போட்டாங்க. "இது ஆராய்ச்சியே இல்ல அம்மணி, கட்டுரைப் போட்டிக்கு எழுதின மாதிரி இருக்குது"ம்பாங்க. எந்த வரி சரியில்லைன்னு ஒரு நாளும் சொன்னதில்லை. இந்த மாசக் கடைசிக்குள்ள அவங்க கையெழுத்து வாங்கலைன்னா என் பதிவே ரத்து.

இன்னைக்கு அவிநாசியில அவங்க பொண்ணோட கல்யாண வரவேற்பு. கச்சேரிக்குத் தம்புரா போட ஆள் வரல. "நீ உட்காந்துக்கோ கண்ணு"ன்னாங்க. வாய்ப்பாட்டுல ஆராய்ச்சி பண்றவ நான், மூணு மணி நேரம் வாயே திறக்காம மீட்டினேன். குடிக்கத் தண்ணிகூட யாரும் கொடுக்கல.

முடிஞ்சதும் மணமகள் அறையில அதே அத்தியாயத்தை நீட்டினேன். ஒரு எழுத்தும் மாத்தல, மேலட்டையை மட்டும் புதுசா டைப் அடிச்சிருந்தேன். மேடம் நாலு பக்கம் புரட்டினாங்க.

"பாத்தியா, நான் சொன்னபடி திருத்தினதும் எப்படி வந்திருக்குது!"

கையெழுத்துப் போட்டாங்க. பக்கத்துல இருந்த சம்பந்தியம்மாகிட்ட, "இப்படி விடாம திருத்தினாத்தானுங்க புள்ளைங்க உருப்படும்"னு பெருமை வேற.

தூ!

நான் மட்டும் என்ன பண்ணினேன்? "எல்லாம் உங்க தயவுங்க மேடம்"னு காலைத் தொட்டுக் கும்பிட்டேன்.

ஹாஸ்டலுக்கு வந்து மூணு தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவியாச்சு. அருவருப்புப் போகல. ஆனாலும், ஈரம் பட்டு அந்தக் கையெழுத்து கலைஞ்சுடக் கூடாதுன்னு, கையை நல்லாத் துடைச்சுட்டுத்தான் அந்தப் பக்கத்தைத் தொட்டேன்.