மூத்தவனை முதலில் எழுப்ப வேண்டும்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் அப்பாவிடம் சொல்லாமல் விட்டது: அவர் தினமும் காலையில் செய்யும் வேலையை, ஒரு வரி எழுதி வைத்தால் சர்வரே செய்துகொள்ளும்.

அலுவலக சர்வருக்குள் மூன்று கணினிகள் ஓடுகின்றன. தனிப் பெட்டி கிடையாது, மூன்றும் அந்த ஒன்றுக்குள் குடியிருப்பவை. சாயங்காலம் ஏசியை நிறுத்தும்போது அவற்றையும் அணைத்துவிடுவோம். பில்லிங் ஆட்கள் வருவதற்குள் எழுப்ப வேண்டும். அந்த நேரத்தில் நான் இரண்டாவது பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருப்பேன். அதனால் வீட்டு லேப்டாப்பில் ஓர் ஐகான் வைத்தேன். ரைட் கிளிக் செய்தால் மூன்றும் வரிசையாக வரும். தட்டினால் அங்கே எழும். பக்கவாதத்தில் வலது கை போனபிறகு அப்பா இடது கையால் எனக்காகச் செய்வது இது ஒன்றுதான். மூத்தவன், நடுவுள்ளவன், கடைக்குட்டி என்று பெயர்கூட வைத்திருக்கிறார். "மூணு பேரும் எழுந்தாச்சு" என்று தினமும் ஒரு போன்.

மார்ச் 7, வெள்ளி

படிக்க எடுத்த நாவலில் நான்கு நாளாக அதே பக்கம்.

மார்ச் 11, செவ்வாய்

அப்பாவின் கைக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் போன் செய்தார். அப்பா மறுபடியும் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். எப்போது போனாலும் தூங்குகிறாராம். இப்படியே விட்டால் கை மடங்கினபடியே நின்றுவிடும் என்றார்.

மாலை அப்பாவிடம் கேட்டேன். டிவி சத்தத்தைக் கூட்டினார். பகலெல்லாம் தூங்கினா என்ன மனுஷன் — எழுதியபிறகு வெட்கமாக இருக்கிறது. அந்த வரியை அடிக்கவில்லை. இருக்கட்டும்.

மார்ச் 14, வெள்ளி

அப்பா இன்று கடைக்குட்டியை முதலில் எழுப்பிவிட்டார். கணக்கெல்லாம் மூத்தவனிடம். அவன் எழாமல் மற்றவன் எழுந்தால் திருதிருவென்று விழிப்பான். பில்லிங் ஜன்னலில் வாசல்வரை கூட்டம். இன்னொரு தடவை இப்படி ஆனால் சர்வரை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னால்தான் செய்வார். யார் தட்டியது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பக்கத்து சீட்டு அக்காவுக்கு மட்டும் தெரியும். "ஏண்டி, ஒரு டைமரைப் போட்டுத் தொலையேன்."

போடலாம். அதையும் பிடுங்கிக்கொண்டால் அப்பாவுக்கு என்ன மிச்சம்? டிவியும் ஜன்னலும்.

மார்ச் 16, ஞாயிறு

விடுமுறை. அப்படியும் விடியுமுன் அப்பாவின் அறையில் வெளிச்சம். அணைந்த லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கு லீவுப்பா."

"எனக்குத் தெரியுது. உடம்புக்குத் தெரியலையே."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அசந்து தூங்கிவிட்டால் மகள் ஆபீசில் பேச்சு வாங்குவாளே என்று தினமும் கருக்கலிலேயே விழிப்பு வந்துவிடுகிறதாம். அதற்குமேல் கண் மூடாதாம். பகலில் தலை தொங்கிவிடுகிறதாம். பிசியோதெரபிஸ்ட் வரும்போது கையைத் தூக்கக்கூடத் தெம்பு இருப்பதில்லையாம். இவ்வளவையும் சுவரைப் பார்த்தே சொன்னார். பிறகு,

"பாப்பா, இதுக்கு அலாரம் மாதிரி ஏதாச்சும் வைக்க முடியாதா? நீ மெனக்கெட்டுச் செஞ்சு குடுத்தியேன்னு இதுவரைக்கும் நான் கேக்கல."

"முடியும்ப்பா."

"முடியுமா? அப்புறம் ஏன் இத்தனை நாள்...?"

"உங்களுக்குப் பொழுது போகட்டும்னு..."

"பொழுதா? உயிரு போகுது."

இருவரும் சிரித்தோம் என்று எழுத ஆசை. அவர் படுத்துக்கொண்டார். நான் விளக்கை அணைத்தேன்.

மார்ச் 17, திங்கள்

டைமர் போட்டாயிற்று. அக்கா எட்டிப் பார்த்துவிட்டுத் தன் சீட்டுக்குப் போனாள்.

மார்ச் 18, செவ்வாய்

நான் பஸ்ஸில் இருக்கும்போதே மூன்றும் எழுந்துவிட்டன. காலையில் போன் வரவில்லை.

மத்தியானம் வந்தது. இப்போதுதான் எழுந்து குளித்தாராம். பிசியோதெரபிஸ்ட்டை நாளையிலிருந்து தினமும் வரச் சொல்லிவிட்டாராம். என்னைக் கேட்கவில்லை. சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.