அமலிக்குப் பால் கொடுத்தவள்

என் அருமை அக்கா,

நீங்கள் போன பிறகு உங்கள் குழந்தைகள் இல்லத்துக்கு வந்த முதல் செய்தி, அரசாங்க மானியம் நின்றுவிட்டது என்பதுதான். உங்கள் சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்று உங்களைப் புகழ்ந்து பேசிய அரசியல்வாதியே வந்து சொன்னார். நிதி ஒதுக்கவில்லையாம். கைவிடப்பட்ட பச்சைப் பிள்ளைகளுக்கு வாக்குரிமை இல்லை. வேறென்ன காரணம் இருக்க முடியும்?

மற்றப் பிள்ளைகளை வேறு மாவட்டங்களுக்கு ஏற்றிவிட்டார்கள். இடம் கிடைக்காமல் மிஞ்சியவள் அமலி; பள்ளிக்கூட வேலை முடிந்ததும் இல்லத்துக்கு வந்து நானே பார்த்துக்கொண்டேன். மறிச்சுக்கட்டி பஸ் தரிப்பிடத்தில் பழைய சாரத் துணியில் சுற்றிக் கிடந்தவள். நீங்கள் கடைசியாகத் தூக்கிய பிள்ளை. பால்மாவும் முடிந்த அன்று, உங்களுக்குச் சமையலில் உதவிய உப்புக்குளத்து நிஹாரா, தன் கைக்குழந்தையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"நான் பால் குடுக்கிறன் மாஸ்டர். மாமியிட்டயும் அவரிட்டயும் கேட்டுப்போட்டுத்தான் வந்தனான்."

"அதுக்கேன் பிள்ளை கேள்வி?"

"எங்கட இஸ்லாம் மார்க்கத்தில, என்ட பாலைக் குடிச்சா இவள் என்ட மகள். என்ட மகனுக்குச் சகோதரி. நாளைக்கு ரெண்டு பேருக்கும் கலியாணம் பேச ஏலாது. கேக்காமல் குடுக்கலாமோ?"

ஊர் வாய் சும்மா இருக்குமா? வங்காலையிலிருந்து நம் பெரியப்பாவின் மகன் வந்தார். நீங்கள் கேட்டும் ஒரு பால்மாப் பெட்டி வாங்கித் தராத மனிதர். அதை நான் மறக்கவில்லை.

"அப்ப பிள்ளை குர்ஆன் ஓதப் போகுதோ, மாதா கோயில் பூசைக்குப் போகுதோ?" என்றார்.

அமலியைத் தோளில் போட்டு முதுகைத் தட்டியபடி நிஹாரா சொன்னாள்: "முதல்ல குடிச்ச பாலுக்கு ஏவறை விடட்டும் அண்ணை."

போன கிழமை அரசாங்கக் கந்தோர் வாகனம் வந்தது. அமலியை ஏற்றத்தான். "இவளுக்கு உறவெண்டு ஆருமில்லைத்தானே?" என்று கேட்டார் அதிகாரி.

"நான் இருக்கிறன். பால் குடுத்த உம்மா," என்றாள் நிஹாரா.

"பால் குடுத்தால் உறவெண்டு சட்டத்தில இல்லை, தங்கச்சி."

"அப்ப சட்டத்தைப் பால் குடுக்கச் சொல்லுங்கோ."

அந்த மனிதர் கதிரையில் அமர்ந்துவிட்டார். பிறகு, வளர்ப்புத் தாயாக நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கச் சொன்னார். முடிவு வரும்வரை பிள்ளை இங்கேயே இருக்கலாம். வளர்ப்பவர்களுக்கு உதவிப்பணம் உண்டா என்று கேட்டேன்.

"திட்டம் இருக்கு மாஸ்டர். காசுதான் இல்லை."

இப்படிப்பட்டவர்களை நம்பியா அக்கா உங்கள் ஆயுளைக் கொடுத்தீர்கள்? எங்கள் வீட்டுக்கு வர நேரமில்லாமல் இங்கேயே கிடந்தீர்களே. அந்தக் கோபம் எனக்கு உங்கள் மேலும் உண்டு.

வருகிற மாதம் வழக்கு. நிஹாராவோடு நானும் போவேன். தீர்ப்பு எப்படி வந்தாலும், நிறுத்திய மானியத்தைக் கேட்டுக் கந்தோர் கந்தோராக ஏறுவேன். இனித் தரிப்பிடங்களில் கிடக்கப்போகும் பிள்ளைகளும் இருக்கிறார்களே. மானியத்தை நிறுத்தியவர்களை மன்னித்துவிடு என்பீர்கள். அதற்கு மட்டும் வாக்குத் தரமாட்டேன். கேட்பதை நிறுத்தமாட்டேன் என்று வாக்குத் தருகிறேன்.

உங்கள் தம்பி,
அமலியின் மாமா