ஸ்கேல் பிடித்த கை

சிட்லபாக்கம்
1.6.2003

அன்புள்ள 'என்னங்க'வுக்கு,

நலம். கத்திரி முடிந்து இரண்டு நாளாக மழை. கறிவேப்பிலைச் செடியை வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் மொட்டையடித்துவிட்டன. படம் எடுத்துக்கொண்டேன், ரசத்துக்குத்தான் இலை இல்லை.

பொழுது சாய்ந்ததும் பூச்சிகள் வெளிச்சத்துக்கு வரட்டும் என்று மாடிக் கொடியில் உங்கள் வெள்ளை வேட்டியைக் கட்டி, பின்னால் பல்பு போட்டேன். அரளியில் வளருமே, அந்தப் பச்சை அந்துப்பூச்சி வந்தது. அளவு தெரிய பக்கத்தில் ஸ்கேல் பிடிக்க நீங்கள் இல்லை. இரண்டு வருஷமாக லீவுக்கு வராதவரை என்ன சொல்ல? துணி கிளிப்பில் மாட்டினேன்.

ரோலைக் கழுவிய ஸ்டூடியோ சிட்டிபாபு, "இன்னாக்கா, அண்ணன் வந்துகீறாரா? கை தெரியுது பாரு" என்றான். படத்தில் ஸ்கேலைப் பிடித்திருப்பது உங்கள் வலது கை. அதே கட்டைவிரல் தழும்பு. ஆனால் மோதிரவிரலும் சுண்டுவிரலும் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. கை நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் ஜோதிலட்சுமி

ஷார்ஜா
12.6.2003

அன்பு ஜோதி,

இதை இடது கையால் எழுதுகிறேன். ஒரு வருஷமாக உனக்கு வந்த கடிதங்களெல்லாம் என் எழுத்தைப் பார்த்து அறைத்தோழன் சாலமோன் எழுதியவை. மரம் அறுக்கும் மெஷினில் அந்த இரண்டு விரலும் போய்விட்டன. நீ அழ அழக் கிளம்பி வந்தவன், இந்தக் கையோடு உன் முன்னால் எப்படி நிற்பேன்? வெட்கமாக இருந்தது.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து விளக்கை அணைக்காமல்தான் படுக்கிறேன். இனி வேட்டியைக் கட்டாதே. 26ஆம் தேதி மீனம்பாக்கத்தில் இறங்குகிறேன்.

அரிகிருஷ்ணன்

சிட்லபாக்கம்
30.6.2003

என்னங்க,

26ஆம் தேதி கடைசி ஆள் வெளியே வரும்வரை நின்றேன். உங்கள் கேம்ப்புக்கு போன் போட்டால், அன்றைக்கே கிளம்பிவிட்டார் என்கிறார்கள்.

என்னை மன்னியுங்கள். உங்களைப் பார்க்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் வேட்டியைக் கட்டிப் படம் எடுத்தேன். இன்று படம் வந்தது. "அண்ணன் கை சரியாப் பூடுச்சுக்கா" என்று சிட்டிபாபு சிரித்தான். ஐந்து விரலும் இருக்கின்றன. பூச்சி சுண்டுவிரல்மேல் உட்கார்ந்திருக்கிறது. கட்டைவிரலில் தழும்புகூட இல்லை.

முதலில் சந்தோஷப்பட்டேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது: உயிரோடு இருக்கிற உடம்பில் போன விரல் திரும்புமா, பழைய தழும்பு மறையுமா?

எனக்கு இந்த முழுக்கை வேண்டாம். மூன்று விரலோடு வந்துவிடுங்கள்.

ஜோதி