சத்தம் நின்ற பிறகு

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம், வழக்கமாகக் கை தானாக எழுதிவிடும் வரிதான், இந்த முறை யோசித்து எழுதுகிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உனக்கு லீவு கிடைக்காமல் அங்கே தவித்தது எனக்குத் தெரியும். உன் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஐந்து நாளாகிறது, வந்ததுமே என் பட்டறைக்குள் புகுந்து ஸ்பேனர்களையெல்லாம் கலைத்துப் போட்டுவிட்டாள். போனில் உன் அம்மா சொன்னது பாதிதான், மீதி அவளுக்கே தெரியாது.

அன்று காலை வெறும் சளி என்றுதான் நினைத்தோம். பத்து மணிக்கெல்லாம் நெஞ்சு விசிலடித்தது, நீல இன்ஹேலரை நீ சொல்லிக்கொடுத்தபடி கொடுத்தும் அடங்கவில்லை, தெருக்கோடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உன் பேரு என்னம்மா என்று டாக்டரம்மா கேட்டதற்கு நம் வாயாடி ஒரு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினாள். ஆக்சிஜன், நெபுலைசர், கையில் ஊசி எல்லாம் போட்டுவிட்டு, இவளைக் குழந்தைங்க ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும், அங்கேருந்தே ஆம்புலன்ஸோட ஒரு டீம் வருது, ரெண்டு மணி நேரமாகும் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாசலில் கார் நிற்கிறது, ஒரு மணி நேரத்தில் நானே கொண்டுபோய்விடுவேன் என்றேன். வேகமா போறது பெருசில்லய்யா, வழியில மூச்சு நின்னா உங்க கையில என்ன இருக்கு என்று கேட்டார். சட்டைப்பையில் ஒரு ஸ்பேனர் இருந்தது. கார் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். டாக்டரம்மா அந்த டீமோடு போனில் பேசப் போனார், உன் அம்மா உன்னிடம் பேச வெளியே போனாள், அப்போதுதான் விசில் நின்றது. முப்பது வருஷமாக எனக்குச் சோறு போட்டது இந்தக் காதுதான், இன்ஜினில் சத்தம் நின்றால் கோளாறு தீர்ந்தது என்று கணக்கு. அப்பாடா என்று இருந்தது. தூங்கட்டும் என்று போர்வையை இழுத்துவிட்டு, யாரையும் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதே. மருந்து மாற்ற வந்த நர்ஸிடம், சத்தம் நின்னுடுச்சும்மா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா என்று நல்ல சேதி சொல்வதுபோலக் கேட்டேன். அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. டாக்டரம்மா ஓடிவந்து ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, சத்தம் வர்ற அளவுக்குக்கூடக் காத்து உள்ள போகலய்யா என்றார். அதன்பிறகுதான் தொண்டையில் குழாய் விட்டு மெஷினில் மூச்சு கொடுத்தார்கள், டீம் வந்து அப்படியே கொண்டுபோனது. மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். பயந்துவிட்டேன் மகளே. என் காரில் ஏற்றியிருந்தால், பின்சீட்டில் பிள்ளை தூங்குகிறாள் என்று நினைத்து ஓட்டிக்கொண்டே இருந்திருப்பேன்.

தடுப்பு இன்ஹேலரைக் காலை மாலை விடாமல் கொடுக்கிறேன், வாய் கொப்பளிக்க வைக்கிறேன். என்னென்ன அறிகுறிக்கு ஓடிவர வேண்டும் என்று அவர்கள் எழுதிக்கொடுத்த தாளைப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். உன் அம்மாவிடம் நீ சொல்லவேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன், வாங்கிக் கட்டிக்கொள்வதும் என் பாடு. நீ நோய்நொடியில்லாமல் நன்றாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே, போனில் உன் மகள் கதையளக்கும்போது வேலையிருக்கு வைடி என்று பாதியில் வெட்டாதே. ஒரு வாக்கியம் முழுசாக வருகிறதா என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆசிகளுடன்,
அப்பா