சத்தத்தை நிறுத்திப் பார்த்த வீடியோ

குறிஞ்சிப்பாடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் சுந்தரியின் வணக்கம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் முகத்தை மட்டும் காட்டிச் சிரித்தே மழுப்பிவிடுகிறீர்கள். அதனால்தான் லீவு முடிந்து குவைத் திரும்பும் சிங்காரம் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வீட்டில் எல்லோரும் நலம். எனக்குத்தான் அலுப்பு தீரவில்லை. கடலூர் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவுப் பிள்ளைகளோடு தொண்டை வற்றக் கத்துவது போதாதென்று, போன வாரம் சிதம்பரத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேறு. பிள்ளைகளின் மனதைப் புரிந்துகொண்டு, வீடியோ போட்டுப் பாடம் நடத்த வேண்டுமாம். பேச்சு காதில் விழுந்தால் கண் அலையும், முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டு வேலை செய்கிற கையை மட்டும் பார்க்க விடுங்கள் என்றார்கள். பாதி நேரம் தூங்கி வழிந்தேன். இது மட்டும் மனதில் நின்றது.

யாரோ ஒருவரின் வீடியோ எதற்கு, நீங்கள் இருக்கிறீர்களே என்று நினைத்தேன். போன மாதம் அனுப்பினீர்களே, பேனல் போர்டு மாட்டுகிற வீடியோ, அதைத்தான் வகுப்பில் போட்டேன். பெருமைதான், வேறென்ன! வீட்டில் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உங்கள் கேலிப் பேச்சைக் கேட்டுச் சிரித்தேனே தவிர, கையைப் பார்க்கவில்லை.

வகுப்பில் சத்தத்தை நிறுத்திவிட்டு ஓட விட்டேன். பவானி என்று ஒரு பெண், தாழங்குடாவில் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை, எழுந்து நின்றாள். "மிஸ், சாரு இடது கைக்காரரா? ஸ்க்ரூவெல்லாம் அதுலயே முடுக்குறாரு. வலது கை வெரலு மடங்கவே மாட்டேங்குது பாருங்க. வலைக் கயிறு சுத்தி எங்கப்பா கையும் இப்பிடித்தான் ஆயிப்போச்சி" என்றாள்.

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை.

எனக்குத் தாலி கட்டிய கை மாமா அது. எப்போது அடிபட்டது? டாக்டரிடம் காட்டினீர்களா? தெரிந்தால் கம்பெனியில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மறைத்தீர்களா, இல்லை நம் வீட்டுக்கு மாடி எழும்பவில்லை என்று நான் புலம்புவேன் என்றா? கோபமாக இருக்கிறது. அழுகையும் வருகிறது. மாடி எழும்பாவிட்டால் போகிறது.

சிதம்பரம் கோயில் திருநீறு இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். அதை வலது கையால் எடுத்து நெற்றியில் பூசி, ஒரு வீடியோ அனுப்புங்கள். ஒன்றும் பேச வேண்டாம். பூச முடியவில்லை என்றால் வீடியோ வேண்டாம். கிளம்பி வாருங்கள், நான் பூசிவிடுகிறேன்.

உங்களுக்காகச் சாமியை வேண்டிக்கொண்டிருக்கும்,
குணசுந்தரி